புல் பிழைக்கிறது, கூகை சாகிறது

மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் இப்படிக் கேட்டிருந்தார்: "ஐயா, அம்மா தோட்டத்தில் மருந்தடிக்கிறார். முன்பெல்லாம் ஒருதரம் அடித்தாலே கருகிவிடும் சம்பாவ் புல், இப்போது இரண்டுதரம் அடித்தாலும் பச்சையாகவே நிற்கிறதாம். ரசாயனம் புல்லின் மரபணுவையே மாற்றிவிடுமா? ஆற்று மீன், பறவைகள் எல்லாம் இப்படித்தான் மாறிக்கொண்டிருக்கின்றனவா? மாறினால் நல்லதுதானே, பிழைத்துக்கொள்ளுமே?"

தம்பி, முதல் இரண்டு கேள்விக்கும் பாடப்புத்தகத்திலேயே ஓரளவு பதில் கிடைத்துவிடும். கடைசியாகக் கேட்டீர்களே, 'நல்லதுதானே' என்று, அதில்தான் சிக்கல் எல்லாம் இருக்கிறது. அதற்குப் போகும் முன் அம்மா சொன்ன புல்லைப் பார்த்துவிடுவோம்.

அம்மாவின் கண் தப்பவில்லை. சம்பாவ் புல் நாம் கூழ் காய்ச்சும் கேழ்வரகின் நெருங்கிய சொந்தம், அதன் மூதாதை வழியில் வந்தது. நம் பக்கத்தில் அடிக்கும் மருந்துகளில் பெரும்பங்கு கிளைபோசேட் என்ற களைக்கொல்லி. அதற்கு மசியாத களை உலகத்தில் முதன்முதலாக 1996-இல் ஆஸ்திரேலியாவில் தெரியவந்தது, அது ஒரு வகை ரை புல். அடுத்த ஆண்டே இரண்டாவது களை அகப்பட்டது. எங்கே தெரியுமா? நம் தெலுக் இந்தானில், ஒரு பழத்தோட்டத்தில். இதே சம்பாவ் புல்தான். 2000-இல் அது ஆய்விதழிலும் வந்தது. இதைச் சொன்னால் ஊரில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். செடிகள் சில முக்கியமான அமினோ அமிலங்களைத் தாமே தயாரித்துக்கொள்ளும். அந்த வேலைக்கு ஈபிஎஸ்பிஎஸ் என்ற நொதி வேண்டும். கிளைபோசேட் அந்த நொதியில் போய் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்திவிடும், செடி மெல்ல மஞ்சளாகிச் சாகும். எதிர்த்து நிற்கும் சம்பாவ் புல்லில் அந்த நொதியின் 106-ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக செரின் என்ற வேறோர் அமினோ அமிலம் இருக்கிறது. ஒரே ஓர் எழுத்துப் பிழை மாதிரிதான். ஆனால் அது போதும், மருந்து சரியாக ஒட்டாது.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அந்தப் பிழையை மருந்து உண்டாக்கவில்லை. புல்லுக்கு மருந்தைச் 'சொல்லிக் கொடுத்ததும்' யாரும் இல்லை. ஒரு சம்பாவ் செடி பல்லாயிரம் விதை போடும். அத்தனை விதையில் டிஎன்ஏ பிரதி எடுக்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிழை விழுவது இயற்கை. மருந்து வருவதற்கு முன்பு அந்தப் பிழையால் லாபமும் இல்லை, யாரும் அதைக் கவனித்ததும் இல்லை. ஆண்டுக்குப் பலமுறை ஒரே மருந்தை ஒரே நிலத்தில் அடித்தபோது மற்றவை எல்லாம் செத்து அதற்கு இடம் விட்டன. போதாததற்கு, சம்பாவ் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் புல். கலப்பு குறைவு. அதனால் எதிர்ப்பு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே செடியில் சேர்வது வெகு சீக்கிரம் நடந்துவிடுகிறது.

அதோடு நின்றதா என்றால் இல்லை. மலேசியச் சம்பாவ் புல்லில் ஏற்கெனவே இருந்த 106-ஆம் இடத்து மாற்றத்தோடு 102-ஆம் இடத்திலும் ஒரு மாற்றம் சேர்ந்த வகை 2015-இல் விவரிக்கப்பட்டது. சாதாரணப் புல்லைவிட 180 மடங்குக்கு மேல் கிளைபோசேட்டைத் தாங்குகிறது! ஆனால் மருந்தே இல்லாத இடத்தில் அதை வளர்த்துப் பார்த்தால் குட்டையாக வளர்கிறது, விதையும் குறைவு. இரும்புச் சட்டை போட்டுக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவன் கதைதான்: அம்பு பாயாது, ஆனால் வேலையும் ஓடாது. எதிர்ப்புக்கு ஒரு விலை உண்டு என்று உயிரியலில் சொல்வார்களே, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. இந்த விலை இருப்பதால்தான் மருந்தை நிறுத்தினால் சில இடங்களில் பழைய வகை மெல்லத் தலைதூக்குகிறது. எல்லா எதிர்ப்புக்கும் இப்படி விலை இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். ஒன்றுமே செலவில்லாமல் எதிர்க்கும் வகையும் உண்டு.

நம் பெரியவர்கள் கிராமக்சோன் என்று சொல்லும் பாராகுவாட்டுக்கு இதே புல் 1990 வாக்கிலேயே மலேசியாவில் எதிர்ப்புக் காட்டிவிட்டது. அப்புறம் குளுபோசினேட் என்ற இன்னொரு களைக்கொல்லிக்கும். இந்த மூன்றோடு இன்னொரு வகையையும் சேர்த்து நான்கு வகை மருந்துகளை ஒருசேரத் தாங்கும் சம்பாவ் கூட்டமொன்று நம் நாட்டிலிருந்தே பதிவாகியிருக்கிறது. பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நாட்டில் முற்றாகத் தடை. அது புல்லுக்காக வந்த தடை இல்லை, மனிதருக்காக. பல ஆண்டுகள் தோளில் மருந்துத் தோம்பைச் சுமந்து அதை அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் வீட்டுப் பெண்கள். அவர்கள் நகமும் நுரையீரலும் பட்ட பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

சரி, புல் தப்பித்துவிட்டது. இனி 'நல்லதுதானே' என்ற கேள்விக்கு வருகிறேன். அதற்குப் புல்லைவிட எலியும், கூகை என்ற ஆந்தையும்தான் நல்ல சாட்சி.

செம்பனைக் குலையைக் கொறிக்கும் எலிகளுக்கு வார்ஃபரின் கலந்த இரை வைத்தார்கள். வார்ஃபரின் உடம்பில் வைட்டமின் கே மீண்டும் மீண்டும் பயன்படுவதைத் தடுக்கும், இரத்தம் உறையாமல் எலி உள்ளுக்குள் கசிந்து சாகும். 1980களின் தொடக்கத்திலேயே நம் தோட்டத்து எலிகளில் அதற்கு எதிர்ப்புத் தெரிந்துவிட்டது. ஸ்காட்லாந்துப் பண்ணை எலிகளில் அது 1958-லேயே தெரிந்திருந்தது. விகேஓஆர்சி1 என்ற மரபணுவில் சிறு மாற்றம் ஏற்பட்டால் வார்ஃபரின் பிடி தளர்ந்துவிடும் என்பது 2004-இல் தெளிவானது. இதில் ஒரு விநோதமும் உண்டு. ஐரோப்பாவின் சில வீட்டு எலிகள் அந்த மரபணுவைத் தாங்களாகப் பெறவில்லை. அல்ஜீரிய எலி என்ற வேறோர் இனத்தோடு கலந்து கடன் வாங்கிக்கொண்டன என்று 2011-இல் காட்டினார்கள். நஞ்சு அழுத்தினால் இனங்களுக்கு இடையிலான வேலியைக்கூடச் சில மரபணுக்கள் தாண்டிவிடும்.

வார்ஃபரின் பலிக்காத இடத்தில் புரோடிஃபாகூம் போன்ற கடுமையான இரண்டாம் தலைமுறை மருந்துகளை இறக்கினார்கள். ஒரே வேளை தின்றால் போதும், எலி செத்துவிடும். ஆனால் உடனே சாகாது, சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். அதைப் பிடித்துத் தின்பது யார்? கூகை. மலாயில் 'புருங் ஹந்து' என்று பயந்த அந்தப் பறவையை, 1960களின் கடைசி வரை தீபகற்பத்தில் காண்பதே அரிதாக இருந்த அதை, செம்பனை பெருகிய பிறகு தோட்டங்களே பெட்டி வைத்து அழைத்துக்கொண்டன. குஞ்சுகளோடு ஒரு சோடிக் கூகை ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் எலி பிடிக்கும். கடுமையான இரை வைத்த தோட்டங்களில் அந்தக் கூகைகள் மளமளவென்று குறைந்தது 1980களிலேயே நம் நாட்டில் பதிவாகியிருக்கிறது.

இதில் மரபியல் எங்கே வருகிறது? எதிர்ப்புள்ள எலி நஞ்சைத் தின்றும் சாகாமல் உலவுகிறது. ஆகவே அது சாகும் எலியைவிட அதிக நாள், அதிக நஞ்சைச் சுமக்கிறது. அந்த எலியின் பிழைப்பு அதைத் தின்னும் பறவைக்குச் சாவாக முடிகிறது. தம்பி, 'மாறினால் பிழைத்துக்கொள்ளும்' என்று சொல்லும்போது யார் பிழைத்துக்கொள்ளும் என்று சேர்த்தே கேட்க வேண்டும்.

பிழைப்பவை எவை என்று முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடலாம். தொகை பெரிதாக இருக்க வேண்டும். தலைமுறை குறுகியதாக இருக்க வேண்டும். தேவையான மரபணு மாற்றம் அந்தக் கூட்டத்தில் ஏற்கெனவே எங்காவது ஒளிந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் இருப்பது களை, எலி, கொசு, பூச்சி ஆகியவற்றுக்கு. அதாவது நாம் எவற்றை ஒழிக்க நினைத்தோமோ அவற்றுக்கு. டிங்கி வந்தால் தாமான் குடியிருப்புகளில் புகையடிக்கிறார்களே, அந்த ஏடிஸ் கொசுவின் நரம்புச் செல்லில் சோடியத்தை உள்ளே விடும் கதவு போன்ற புரதத்தில் மாற்றங்கள் வந்து பைரத்ராய்டு மருந்து பலிக்காமல் போவது மலேசியாவிலும் கண்டறியப்பட்டது. பழைய டி.டி.டி-யும் அதே கதவைத்தான் தாக்கும். எனவே ஒன்றுக்குப் பழகிய கொசு மற்றதற்கும் பாதி தயாராக நிற்கும். கூகைக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. ஆண்டுக்கு ஓரிரு முறை குஞ்சு பொரிக்கிறது, ஒரு வட்டாரத்தில் சில சோடிதான். இரண்டாம் தலைமுறை நஞ்சுக்குத் தகுந்த மாற்றம் எங்காவது தோன்றினாலும் பரவும் முன் கூட்டமே போய்விடும்.

மீன் இதில் இரு பக்கமும் நிற்கிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் கில்லி என்ற சிறு மீன் உண்டு. தொழிற்சாலைக் கழிவு நிறைந்த நான்கு துறைமுகங்களில் அது சாதாரண மீனைச் சாகடிக்கும் அளவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு, சில இடங்களில் 8,000 மடங்கு வரை நஞ்சைத் தாங்குகிறது என்று 2016-இல் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்துச் சொன்னார்கள். நான்கு இடங்களிலும் நஞ்சை உணர்ந்து செயல்படத் தொடங்கும் ஒரே உணர்வுப் பாதைதான் தளர்ந்திருந்தது. ஆனால் கில்லிக்கு எண்ணிக்கை ஏராளம், முதுகெலும்பு உயிர்களிலேயே மரபியல் பன்மை மிக அதிகமான இனங்களில் அதுவும் ஒன்று. விலை கொடுக்காமலும் இல்லை: எதிர்ப்புள்ள கில்லிகளில் ஒரு கூட்டம், தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்போது மற்றவற்றைவிடச் சீக்கிரம் துவண்டுபோனது.

அமெரிக்காவின் ஹட்சன் ஆற்று டாம்காட் மீன் கதை நம் எலிக் கதையோடு அப்படியே ஒட்டுகிறது. அங்கே 1947 முதல் 1976 வரை பிசிபி என்ற மின்சாதனக் கழிவு ஆற்றில் விடப்பட்டது. இன்று அந்த ஆற்று டாம்காட்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு மரபணுவில் ஆறு எழுத்து விடுபட்டிருக்கிறது. பிசிபி அதில் சரியாக ஒட்டாது. மீன் சாகவில்லை, நஞ்சோடு நீந்துகிறது, பெரிய மீன் அதைத் தின்கிறது. முப்பது ஆண்டு நஞ்சு ஒரு மீன் கூட்டத்தின் பரம்பரையைத் திருத்திவிட்டது, கழிவு விடுவது நின்று பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அது அப்படியே இருக்கிறது.

நம் பக்கத்து ஆறுகளில் பெரிய பிரச்சினை வேறு மாதிரியானது. செம்பனை ஆலைக் கழிவுநீர் தனக்குள்ளே கடும் நஞ்சு இல்லை. ஆனால் ஒரு டன் கச்சா எண்ணெய் எடுத்தால் இரண்டரை, மூன்று டன் கழிவுநீர் வரும். சுத்திகரிக்காமல் விட்டால் நுண்ணுயிர்கள் அதைத் தின்னும் வேகத்தில் தண்ணீரின் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். 1977-இல் இதற்கென்றே தனி விதிமுறை வந்தது, ஆலைகளின் பின்னால் வரிசையாகக் குளங்கள் வந்ததும் அதனால்தான். குளம் நிரம்பி வழிந்த நாளில் மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்த விரால், கெளுத்தி, பனையேறிக் கெண்டை தப்பிக்கும். செவுளை மட்டும் நம்பிய மீன் செத்து மிதக்கும். இங்கே ஓர் இனத்துக்குள் மரபணு மாறுவதைவிட, இனங்களின் பட்டியலே சுருங்குகிறது. ஒரு கிளையாற்றில் தப்பிய பத்துப் பதினைந்து மீன்களிலிருந்து திரும்பக் கூட்டம் பெருகினால், பார்வைக்கு ஆறு நிறைந்துவிடும், மரபியல் பன்மை நிறையாது. அடுத்த நோய்க்கோ அடுத்த வெப்பத்துக்கோ தேவைப்படும் மரபணு போன வருடமே செத்துப் போயிருக்கலாம். எண்ணிக்கையை மட்டும் எண்ணுகிறவர்களுக்கு இது தெரியாது. எனக்கு இதுதான் இந்த விஷயத்தில் மிகவும் கவலை தரும் பகுதி.

ரசாயனம் நேரடியாகவே டிஎன்ஏவை மாற்றுமா என்றும் கேட்டீர்கள். மாற்றும், சில மாற்றும். கனடாவின் ஹாமில்டன் நகரில் உருக்காலைகள் பக்கம் எலிகளைப் பத்து வாரம் கூண்டில் வைத்தார்கள். ஒரு கூட்டம் அந்தக் காற்றையே சுவாசித்தது, இன்னொன்றுக்கு நுண்துகளை வடிகட்டிய காற்று. வடிகட்டிய காற்றில் இருந்தவற்றின் குட்டிகளில் புதிய மரபணுப் பிழைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. 2004-இல் வந்த முடிவு அது. பிழை தந்தை வழியாகத்தான் அதிகம் வந்தது. அதனால் 'மருந்து புல்லை மாற்றவில்லை, தேர்ந்தெடுத்தது' என்று நான் மேலே சொன்னதை எல்லா ரசாயனத்துக்கும் நீட்டிவிட வேண்டாம். தேர்ந்தெடுப்பதும் உண்டு, கிழிப்பதும் உண்டு. கிழிப்பதால் வரும் பிழைகளில் பெரும்பாலானவை யாருக்கும் உதவாதவை, சில கேடானவை.

மரபணுவைத் தொடாமலே கூட்டத்தைக் கவிழ்ப்பதும் நடக்கும். கனடாவிலேயே ஆய்வுக்கென்று ஒதுக்கிய ஓர் ஏரியில் 2001 முதல் மூன்று கோடைகாலம், கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரஜனை ஒரு லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம் அளவில் கலந்தார்கள். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆண் மீன்களில் பெண்ணுக்குரிய முட்டைப் புரதம் உருவானது, அங்கிருந்த சிறு மீன் இனம் ஏறக்குறைய அற்றுப்போனது. அதைத் தின்று வாழ்ந்த பெரிய மீனும் இளைத்தது. நிறுத்திய பிறகு சில ஆண்டுகளில் மீண்டது என்பது ஓர் ஆறுதல். மீளும் வரை அந்தக் கூட்டத்தில் உண்மையாக இனப்பெருக்கம் செய்தவை மிகச் சில. அந்தச் சிலவற்றின் மரபணுக்களே அடுத்த தலைமுறை முழுவதற்கும்.

ஊருக்குத் திரும்பி வருவோம். ஹீலிர் பேராக், பாகான் டத்தோ பக்கம் செம்பனை ஓலையைச் சல்லடையாக்கும் பைப்புழு, மலாயில் உலாட் புங்குஸ், உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. 1950களின் கடைசியிலும் 60களிலும் மலாயாத் தோட்டங்களில் அது வெடித்துப் பெருகியதற்கு முக்கியக் காரணம், நீண்ட நாள் தங்கும் டி.டி.டி, டீல்ட்ரின் வகை மருந்துகளை வேறு பூச்சிகளுக்காக அடித்ததுதான். பைப்புழு தன் பைக்குள் பாதுகாப்பாக இருந்தது. அதைத் தின்னும் சிறு குளவிகளும் மற்ற எதிரிகளும் வெளியே பறந்து திரிந்து செத்தன. மருந்தை நிறுத்திய பிறகு பல இடங்களில் புழு அடங்கியது. இன்று தோட்டச் சாலையோரத்தில் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூச்செடி நட்டிருக்கிறார்களே, அது அழகுக்கு இல்லை, அந்தக் குளவிகளுக்குத் தேன் கொடுக்க. நான் பார்த்தவரை தோட்டத்தில் போட்ட பணத்தில் உருப்படியானது அதுதான்.

இன்னொரு பூச்சியையும் மறக்கக் கூடாது. செம்பனைப் பூவில் மகரந்தம் சேர்க்கும் சிறு வண்டு இந்த மண்ணைச் சேர்ந்ததே இல்லை. கேமரூனிலிருந்து 1981-இல் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன் ஆட்கள் கையால் மகரந்தம் தூவினார்கள், உங்கள் பாட்டியைக் கேட்டால் சொல்லுவார். நாட்டில் இன்று இருக்கும் கோடானுகோடி வண்டும் கடல் தாண்டி வந்த ஒரு சிறு கூட்டத்தின் வாரிசு. தொகை பெரிது, மரபியல் மூலதனம் சிறிது. பைப்புழுவுக்காக மருந்து அடிக்கும்போது இந்த வண்டின் மேல் என்ன விழுகிறது என்று பார்க்காமல் அடிப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம்தான் வரும்.

இனி அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது. புல் சாகவில்லை என்றால் உடனே மரபணு என்று முடிவு கட்ட வேண்டாம். கிளைபோசேட் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும் மருந்து. பாரிட் வாய்க்காலிலிருந்து கலங்கல் தண்ணீரை அள்ளித் தோம்பில் ஊற்றினால் பாதி மருந்து சேற்றிலேயே போய்விடும். அடித்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் மழை பெய்தாலும் வீண். நாசில் தேய்ந்திருந்தால் ஒரு பக்கம் கொட்டும், மறுபக்கம் படாது. இவை எல்லாம் சரியாக இருந்தும், மூன்று வாரம் கழித்து, கருகிய சம்பாவ் செடிக்கு ஒட்டினாற்போல இன்னொரு சம்பாவ் செடி பச்சையாக நின்றால், பக்கத்திலுள்ள மற்ற களைகள் செத்திருந்தால், அப்போது சந்தேகப்படலாம்.

அப்படிச் செடி கண்டால் விதை போடும் முன் வேரோடு பிடுங்கி மூட்டையில் கட்டி வெளியேற்றச் சொல்லுங்கள். பூட்ஸிலும் டிராக்டர் சக்கரத்திலும் சேற்றோடு விதை அடுத்த புளோக்குக்குப் போகும், கழுவிவிட்டுப் போனால் நல்லது. ஏற்கெனவே விதை வந்துவிட்டால் கொஞ்சத்தைக் காகித உறையில் காயவைத்து, இடமும் அடித்த மருந்தும் எழுதி, விவசாய இலாகாவில் கொடுங்கள். பிளாஸ்டிக்கில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். 'வேறு மருந்து மாற்றிவிட்டோம்' என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொன்னால் போத்தலில் உள்ள வணிகப் பெயரை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பொருளின் பெயரைப் படித்துப் பாருங்கள். கடையில் வேறு வேறு பெயரில், வேறு வேறு நிறத்தில் நிற்கும் போத்தல்களில் பல அதே கிளைபோசேட்தான்.